வடிவாம்பாளின் கடைசிக் கடை

தென்காசிக்குப் பக்கத்தில் சடையாண்டி சாமியின் ஆசிரமம் இருந்தது. சாமிக்கு வயசு கம்மி. வடிவாம்பாளுக்கு மகன் மாதிரி இருப்பார். ஆனாலும் அவர்தான் குரு, அவள்தான் சிஷ்யை.

அன்றைக்கு வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"எல்லாம் போச்சு சாமி. ஏன் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. தூக்கி நிறுத்தாம விடமாட்டேன்."

முதலில் அவளுக்குத் தென்காசியில் ஒரே ஒரு ஜவுளிக்கடைதான். அது பாத்திரம், பலசரக்கு, பொம்மை என்று மாடி மாடியாக வளர்ந்தது. பிறகு மதுரையில் ஒன்று, கோவையில் ஒன்று. அப்புறம் அடுத்தவர் கடைகளையும் வாங்கினாள். அத்தனையையும் கையில் வைத்துக்கொள்ளச் சென்னையில் ஒரு கம்பெனி ஆரம்பித்தாள். அங்கே கண்ணாடி அறை, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. விற்பதற்கு ஒரு கைக்குட்டை கிடையாது.

கம்பெனிக்குக் கண்ணெல்லாம் அடுத்து எந்தக் கடையை வாங்கலாம் என்பதில்தான். இருக்கிற கடைகளுக்குச் சனம் வருவது நின்றது. ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. மிச்சம், அந்தப் பழைய தென்காசிக் கடை.

"அதையும் விலைக்குக் கேட்டு நாளைக்கு ஆள் வராங்க சாமி. கொடுத்துட்டா அந்தக் காசுல சென்னைக் கம்பெனி பேராவது நிக்கும். கொடுக்கவா, வேண்டாமா?"

"ஒரு துண்டு வேணும்மா" என்றார் சாமி.

"இப்பவா?"

"இப்பத்தான்."

வடிவாம்பாள் போனை எடுத்தாள். "மேனேஜர், ஆசிரமத்துக்கு ஒரு துண்டு அனுப்புங்க. இருக்கிறதிலேயே ஒசத்தி. புதுசு."

பைக்கில் வந்து சேர்ந்தது. சரிகைக் கரை போட்டு, அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. சாமி அதை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அடுத்த நொடி ஒரு குழந்தை வீலென்று கத்தியது.

வடிவாம்பாள் ஓடினாள். சமையல்கார இசக்கி அப்போதுதான் தன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். சாமி அந்தத் துண்டால் பிள்ளையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, என் பிள்ளையத் தேங்கா துருவுற மாதிரி துருவாதீங்க!" என்றாள் இசக்கி.

"கஞ்சி போட்ட துணியை யாராவது பச்சப்பிள்ள மேல வைப்பாங்களா? இங்க குடுங்க!" வடிவாம்பாள் பிள்ளையைப் பிடுங்கினாள். "பழைய வேட்டி இருந்தா எடுத்துத் தாங்க!"

சாமி கொடியில் கிடந்த தன் வேட்டியை எடுத்து வந்தார். அவள் அதைச் சர்ரென்று கிழித்து, பிள்ளையை ஒற்றித் துடைத்துச் சுற்றினாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் பட்டுச்சேலையை நனைத்தது.

"பிள்ளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா சாமி?"

"நீங்க கேட்கலையேம்மா."

வடிவாம்பாள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

தென்காசிக் கடை மட்டும் இருந்த காலத்தில், வாசலில் நின்று அவள் கேட்கிற முதல் கேள்வியே, "யாருக்கும்மா?" என்பதுதான். பிறந்த பிள்ளைக்கு என்றால், "புதுசு வேண்டாம்மா, வீட்டுல பழைய வேட்டி இருக்கும், கிழிச்சுக்கோ" என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள். அதே அம்மா முதல் பிறந்தநாள் கவுனுக்கு வருவாள். பள்ளிக்கூட யூனிபாரத்துக்கும் வருவாள்.

இதைச் சென்னைக் கம்பெனியில் ஒருநாள் சொன்னபோது, "வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்கு மேடம் கடை?" என்று சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

பிள்ளையை இசக்கியிடம் கொடுத்துவிட்டு, நனைந்த கொசுவத்தைப் பிழிந்தாள்.

"கடையைக் கொடுக்கலை சாமி. நாளைக்கு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடுறேன். கம்பெனி பேரு போனா போகட்டும். விடிஞ்சதும் போய்க் கல்லாவில் நானே உட்காரப் போறேன்."

"கல்லாவிலயா?" என்றார் சாமி.

வடிவாம்பாள் கொசுவத்தை உதறிச் செருகினாள்.

"இல்ல சாமி" என்றாள். "வாசல்ல."