பறந்துகொண்டே நின்ற விமானம்

வானும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும் நாட்கள் தென் துருவத்தில் உண்டு. அப்போது அடிவானம் அழிந்துபோகும், நிழல்கூட விழாது. அப்படியொரு நாளில், சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக் கட்டைகள் பூட்டிய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று மூன்று பேருடன் ஆய்வு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவர் கேப்டன் பாக்கியநாதன், தூத்துக்குடிக்காரர். பக்கத்தில் விமானப் பொறியாளர் திலகவதி. பின்னால், நிலையத்தின் சமையற்காரர் சுடலைமுத்து. விமானம் ஏறினாலே சுடலைமுத்துவுக்குக் குமட்டும். தரையைத் தொடும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே நிற்காது. அவரோடு பலமுறை பறந்திருந்த திலகவதி, அவருக்கென்றே காகிதப் பைகளை மடித்து வைத்திருப்பாள்.

பாதி வழியில் புயல் நேர் எதிரே வந்து அறைந்தது. விமானம் முறத்தில் புடைத்த அரிசியாய்க் குதித்தது. கடைசியாக ஒரு பெரிய குலுக்கல். பிறகு எல்லாம் அடங்கி, மெல்லிய அதிர்வு மட்டும் மிஞ்சியது.

"கொந்தளிப்பத் தாண்டிட்டோம்," என்று கேப்டன் நெற்றியைத் துடைத்தார். உயரம் காட்டும் முள் அசையவில்லை. வேகம் காட்டும் முள் சற்றுத் தாழ்ந்திருந்தாலும் பறக்கப் போதுமான வேகத்தையே காட்டியது. சன்னலுக்கு வெளியே வெள்ளை விரைந்தோடியது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "எம்மா, அந்தப் புளியோதரை டப்பாவ எடுங்க. பசிக்கி."

"என்னவே, இப்பதான செத்துக்கிட்டு இருந்தீரு?" கேப்டன் சிரித்தார். "கொஞ்சம் பொறும். முழு வேகம் குடுத்து இடப்பக்கம் திருப்பப் போறேன்."

"தொடாதீங்க கேப்டன்!" திலகவதி அவர் கையைப் பிடித்தாள். "இவருக்குப் பசிக்குதுன்னா நாம பறக்கல."

"வேகம் காட்டுதே, பாரு பிள்ள."

"எதிர்க்காத்து அடிச்சாலும் அந்த முள் ஏறும்."

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இருக்கையின் காலில் முடிந்து, அவள் பக்கக் கதவைத் திறந்தாள். "சார், பிள்ளைக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு!" என்று அலறிய சுடலைமுத்து, ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் டப்பாவையும் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில், கேப்டனின் சன்னலை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள்.

"மாதாவே!" என்று கத்திவிட்டார் கேப்டன். கண்ணாடிக்கு அப்பால், முழங்கால்வரை பனியில் புதைந்து நின்று திலகவதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வரைபடத்தில் இல்லாத ஒரு பனிமேட்டின் சரிவில், யாருக்கும் தெரியாமல் விமானம் வந்து அமர்ந்திருந்தது. ஒரு சறுக்குக் கட்டை முறிந்திருந்தது. முழு வேகம் கொடுத்துத் திருப்பியிருந்தால் இறக்கை தரையில் குத்தி, விமானம் புரண்டு எரிந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு மூவரும் புளியோதரையைப் பகிர்ந்து தின்றார்கள். புயல் ஓய்ந்ததும் நிலையத்துப் பனிவண்டி வந்து அழைத்துப் போனது.

பெயரில்லாத மேட்டைக் கண்டுபிடிப்பவரே அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது அந்த நிலையத்து வழக்கம். தலைவர் நசீர் அகமது வரைபடத்தை விரித்தார். "கண்டுபிடிச்சது யாரு?"

"கொண்டுபோய் இறக்கினது நான்லா," என்றார் கேப்டன்.

"இறக்கினீங்களா? நான் சன்னலத் தட்டுற வரைக்கும் நீங்க பறந்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றாள் திலகவதி.

அறையே சிரித்தது. சுடலைமுத்து சிரிக்கவில்லை. அவர் துருவத்துக்கு வந்த பிறகு ஊரில் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். படத்தில் பார்த்ததோடு சரி. "என் வயிறுதான சார் முதல்ல தரையக் கண்டுச்சி? பேர எனக்குக் குடுங்க. எம் மவளுக்கு இந்த ஐஸ் காட்டுலேர்ந்து வேற என்னத்தக் கொண்டுபோவேன்?"

"பசிக்குதுன்னு சொன்னப்போ, தரையில இருக்கோம்னு தெரியுமா?" என்று கேட்டார் தலைவர்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். மேகத்துக்கு மேல போயிட்டோம்னு நெனச்சேன்."

மேட்டுக்குக் கொண்டுவந்தவர் கேப்டன். அதை உடம்பால் முதலில் உணர்ந்தவர் சுடலைமுத்து. அவர் பசியைக் கேட்டுப் புரிந்துகொண்டவள் திலகவதி. பெயர் வைக்கும் உரிமை இவர்களில் யாருக்கு?

விடை: திலகவதிக்கே. ஓரிடத்தில் இருப்பது வேறு, அங்கே இருக்கிறோம் என்று அறிவது வேறு. கேப்டன் வந்து சேர்ந்தார், சேர்ந்ததை அறியவில்லை. சுடலைமுத்துவின் வயிறு அறிந்தது, அவர் அறியவில்லை. நாமும் எத்தனையோ நல்ல இடங்களில் இருந்திருக்கிறோம். கடந்து வந்த பிறகே அது தெரிகிறது. இருக்கும்போதே சொன்னவள் அவள் ஒருத்திதான். தலைவரும் அப்படியே தீர்த்து அவளிடம் பேனாவை நீட்டினார். அவள் சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கலம்மா. நான் போய்த்தான் வைக்கணும்னு வீட்டுல சொல்லிட்டா. இப்போதைக்குப் பாப்பாதான்."

அவள் அப்படியே எழுதினாள். அந்தப் பெண்ணுக்கு இன்று நீளமான, அழகான பெயர் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கும் போகிறாள். துருவத்து மேடுதான் இன்னும் பாப்பா.