நான்கு விரற்கடை

"வானத்தின் மறுகோடியில், பிரபஞ்சம் பிறந்த புதிதில் எரிந்த குவாசர்கள் எனும் பேரொளி மையங்கள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. நடுவே எவ்வளவு தூரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

அறிவியல் டீச்சர் ஒருமுறை என்னைக் கேட்டார். எழுந்து நின்றதோடு சரி. இப்போது சொல்கிறேன்.

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், நிலத்தை அளந்தவர் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து காட்டினால்தான் அந்த அளவுக்கு மன்னர் முத்திரை வைப்பார். அதுதான் வழக்கம்.

ஒரு மாலை, உப்பரிகையில் நின்ற மன்னர் இரண்டு மங்கிய விண்மீன்களைக் காட்டி, "இவற்றின் இடைவெளி என்ன?" என்றார்.

வானம் பார்த்துக் கணிக்கும் அரண்மனைக் கணியர் திருமேனியார் கையை நீட்டி, விரல்களை அடுக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். "நான்கு விரற்கடை, பிரபு."

அரசவை விகடன் சாத்தப்பன் சிரித்துவிட்டான்.

அவன்மேல் வெகுநாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த கணியர், "சிரித்தவன் நாளை மாலைக்குள் என் அளவு தவறென்று காட்டட்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார். மன்னரும் தலையசைத்தார்.

மறுநாள் மாலை, அதே உப்பரிகையிலிருந்து பார்த்தபோது, கிழக்கே இரண்டு சுடர்கள் அருகருகே தெரிந்தன.

"கணியரே, இவற்றையும் அளந்து சொல்லும்" என்றான் சாத்தப்பன்.

"இதுவும் நான்கு விரற்கடைதான். மூட்டையைக் கட்டிவிட்டாயா?"

"கட்டிவிட்டேன், உமக்காக. அவலும் வெல்லமும் இருக்கின்றன. அளந்தவர் நடக்க வேண்டாமா? ஒரு சுடர் நம் தோட்டத்து மதில்மேல் வைத்த அகல்விளக்கு. மற்றது ஆற்றுக்கு அப்பால், இரண்டு காதம் தள்ளி, குன்றின்மேல் எரியும் விறகு மலை."

கணியர் மறுபடியும் கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் நான்கையே காட்டின.

"அப்படியானால் விண்மீன்களின் தூரம்?" என்றார் மன்னர்.

"விரல் பக்கவாட்டைத்தான் காட்டும், பிரபு. எது முன்னே, எது பின்னே என்று காட்டாது. ஆகவே எனக்குத் தெரியாது. கணியருக்கும் தெரியாது. அவர் அந்தத் தெரியாததைத்தான் நான்கு விரற்கடை என்கிறார்."

மன்னர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார். "நீ எங்கும் போக வேண்டாம். அளந்தவர் நடக்கட்டும். வழக்கம் வழக்கம்தான்."

திருமேனியார் அவல் மூட்டையை எடுத்துக்கொண்டார். படியிறங்கி, ஆற்றுப் பக்கம் நடந்தார்.