எருமையைக் கேட்காத பஞ்சாயத்து

காட்டுக் குளத்தின் கரையில் காத்தாயி என்ற எருமை படுத்தே கிடந்தாள். வாய்க்கு எதிரே பசும்புல் இருந்தும் தின்னவில்லை. காக்கை முதுகில் கொத்தினாலும் வாலை ஆட்டவில்லை. மனசு இருண்டு கிடந்தது. காரணம் கேட்டால் அவளுக்கே தெரியாது. கோடை முற்றிக் குளம் வற்றியதும் எருமைக் கூட்டம் மலைக்கு அப்பாலுள்ள ஏரிக்குக் கிளம்பிவிடும். அப்போது எழாவிட்டால் புலிக்குத்தான் விருந்து. அது தெரிந்தும் எழ முடியவில்லையே என்பதுதான் அவளுடைய பெரிய வேதனை.

கரடி வைத்தியர் வந்து ஒரு வேரை அவள் வாயில் திணித்தார். "தினமும் இதைத் தின்னு, சரியாயிடும்" என்றார். வேரோடு கொடுக்கவேண்டிய தேனைத் தானே நக்கிக்கொண்டு போய்விட்டார். காத்தாயி பகலெல்லாம் தூங்கி வழிந்தாள்.

பிறகு, மாடுகளின் முதுகில் உண்ணி பொறுக்கும் கொக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "மனசுவிட்டுப் பேசு, கேட்கிறேன்" என்றது. காத்தாயிக்கு வாயைத் திறக்கவே தெம்பில்லை. "சரி, நானே ஆரம்பிக்கிறேன்" என்று கொக்கு, போன மழைக்காலத்தில் தப்பவிட்ட ஒரு வெட்டுக்கிளியின் கதையைச் சொன்னது. பொழுது சாய்ந்தும் அந்தக் கதை முடியவில்லை.

இரண்டு வைத்தியர்களுக்கும் சண்டை மூண்டது.

"வேர்தான் மருந்து!"

"பேச்சுதான் மருந்து!"

காடே பஞ்சாயத்துக் கூடியது. தவளைகள் பேச்சின் பக்கம். வாய் ஓயாதவர்கள் வேறெங்கே போவார்கள்? குரங்குகள் வேரின் பக்கம், கண்ணெல்லாம் தேன்மேல். கை தூக்கச் சொன்னால் அவை காலையும் தூக்கின. கைகளை எண்ண வந்த முயலுக்கு எண்ணி எண்ணித் தலை சுற்றியது.

காத்தாயிக்கு எரிச்சல் வந்தது. வெகு நாளாக எதுவுமே வராத மனசில் அதுவாவது வந்ததே!

"நோவு எனக்குத்தானே? என்னை யாராவது கேட்டீங்களா?"

காத்தாயி கரடியின் பக்கம் திரும்பினாள்.

"வைத்தியரே, மனசுவிட்டுப் பேசத் தெம்பில்லாததால முதல்ல வேர்தான் வேணும். ஆனா நீங்க குடுத்தது என்னைத் தூக்கத்துல தள்ளுது."

கரடி தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒத்துக்குற வேரைத்தான் குடுத்தேன். எருமைக்கு எப்படின்னு கேட்கவே இல்லை. வேற வேர் தர்றேன். குணம் தெரியக் கொஞ்ச நாள் ஆகும், பாதியில விட்டுடாதே."

"கொக்கே, தெம்பு வந்ததும் உன்கிட்ட பேசறேன். வெட்டுக்கிளி வேண்டாம்."

கொக்கு முதல்முறையாகக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

காத்தாயி புது வேரை நாள் தவறாமல் தின்றுவந்தாள். குளம் வற்றியது. கூட்டம் கிளம்பிய காலையில் காத்தாயி எழுந்தாள். துள்ளவில்லை, எல்லோருக்கும் கடைசியாகத்தான் நடந்தாள். ஆனாலும் நடந்தாள். முதுகில் கொக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பேசிக்கொண்டே போனாள்.

மருந்தோ, பேச்சோ, இரண்டுமோ, எது வேண்டும் என்பதை நோவுபட்டவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.