கத்தரிச் செடியைக் கடித்த நால்வர்

உசிலங்காட்டுப்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டாலும் பயனில்லை. "நாங்க ஊருக்குள்ளல்ல இருக்கோம், ஊர் எங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். அந்த ஊரில் சடையாண்டி என்று ஒரு சம்சாரி. அரை ஏக்கர் கத்தரித் தோட்டமும் தவமணி என்ற ஒரே மகளும்தான் அவருடைய சொத்து.

தவமணிக்கு நல்ல வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா உடையணன் பெரிய சாப்பாட்டுப் பிரியர். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"நகை நட்டு ஒண்ணும் வேணாம் சம்பந்தி. முகூர்த்தத்துக்கு முந்தின பந்தியில உங்க தோட்டத்துக் கத்தரிக்காயில எண்ணெய்க் குழம்பு வச்சிருங்க, போதும். கடையில வாங்கின காய் இலையில விழுந்துச்சோ, மாப்பிள்ளையோட எந்திரிச்சுப் போயிருவோம்."

சடையாண்டி சந்தோஷமாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டி முடிப்பதற்குள் தோட்டத்தில் புழு விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்தான்.

அவருடைய தம்பி மொக்கைச்சாமியும் மச்சினன்மார் வீரணனும் ஒச்சுவும் ஓடி வந்தார்கள். வீரணன்தான் அந்தக் குடும்பத்தில் அறிவாளி. எதைச் சொல்வதற்கு முன்னும் கண்ணை மூடிக்கொள்வான், அதனால் அறிவாளி என்று பெயர். நால்வரும் போய் வேளாண்மை ஆபீசரம்மாவை அழைத்து வந்தார்கள்.

அந்த அம்மா இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்க. செடியை லேசா நினைக்காதீங்க. புழு கடிச்சா, எச்சிலை வச்சே யாரு கடிச்சதுன்னு அதுக்குத் தெரிஞ்சிரும். உடனே இலையைக் கசப்பாக்கிக்கும். ஒரு வாசனையை விட்டுப் பக்கத்துச் செடியையும் உஷார்ப்படுத்தும். அந்த வாசனைக்குக் குளவி வந்து புழுவைத் தூக்கிட்டுப் போயிரும். நுனி போனாலும் பக்கத்துல ரெண்டு கிளை விடும். நீங்க பத்து நாளைக்கு ஒண்ணும் செய்யாம இருங்க."

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் நால்வருக்கும் தெரிந்தது. வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொசு கடித்தது, சொறியவில்லை. மொக்கைச்சாமி ஒரு தும்மல் போட்டுவிட்டு எல்லோரிடமும் வசவு வாங்கினான். மத்தியானம் ஒரு வெள்ளாடு வேலியைத் தாண்டி வந்து முதல் வரிசையை நிதானமாக மேய்ந்தது. சடையாண்டி கம்பை எடுக்கப் போனார். ஆனால் விரட்டினால் அது ஏதோ செய்ததாகிவிடுமே! ஆடு தானாகவே வயிறு நிறைந்து போகும்வரை கண்ணில் நீர் வழியப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீரணன் கண்ணை மூடினான். எல்லோரும் வாயை மூடினார்கள்.

"மச்சான், மேக்க இருந்து காத்தடிக்குது. புழு இருக்கறது கிழக்க. கிழக்குச் செடி விடுற வாசனை அப்படியே பக்கத்து ஊருக்குப் போயிரும். நம்ம மேக்குச் செடிக்கு யாரு சேதி சொல்றது?"

"அதானே!" என்றார் சடையாண்டி.

"புழு வர்றதுக்கு முன்னாடியே மேக்குச் செடிய நாமளே கடிச்சு எழுப்பி விட்டா என்ன?" என்றான் ஒச்சு.

"எச்சில் வச்சுக் கண்டுபிடிச்சிருமே மாப்ள. நம்ம எச்சில் சோத்து எச்சிலாச்சே!" என்றார் சடையாண்டி.

வீரணன் மறுபடி கண்ணை மூடினான். "புழு இலையத் தவிர என்ன திங்குது? நாமளும் மூணு நாளைக்கு இலையவே தின்னா, அந்த எச்சிலுக்கும் இந்த எச்சிலுக்கும் என்ன வித்தியாசம்?"

மூன்று நாள் நால்வரும் சோற்றைத் தொடாமல் முருங்கை இலையும் அகத்தி இலையுமாகத் தின்றார்கள். நாலாம் நாள் விடிந்ததும் தோட்டத்தில் குப்புறப் படுத்து ஊர்ந்து, மேற்கு வரிசைச் செடிகளின் நுனியை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டே போனார்கள். கத்தரி இலையின் சுணை பட்டு நாக்கெல்லாம் அரித்தது.

தவமணி கஞ்சித் தூக்கோடு வந்து பார்த்துத் திகைத்து நின்றாள். "அப்பா! என்னப்பா இது?"

சடையாண்டி தலையைத் தூக்கவில்லை. "பேச்சுக் குடுக்காத ஆத்தா. புழு பேசுமா? எல்லாம் உன் கல்யாணத்துக்காகத்தான்" என்று வாயில் இலையோடு முணுமுணுத்தார்.

பாவம், அந்தப் பெண் கஞ்சியைத் தானே குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வெயில் ஏறியதும் உண்மையாகவே குளவிகள் வந்தன. சடையாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "வந்துட்டாகப்பா! கூப்பிட்ட மரியாதைக்கு வந்துட்டாக!" வந்த விருந்தாளியைச் சும்மா விடலாமா? கல்யாணத்துக்கு வாங்கி வைத்த பன்னீர்ச் செம்பை ஒச்சு ஓடிப்போய் எடுத்து வந்தான். நால்வரும் குனிந்து, "வாங்க, வாங்க" என்று ஒவ்வொரு குளவி மேலும் பன்னீர் தெளித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டாம். கால்மணி நேரத்தில் நால்வரும் கிணற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். சடையாண்டியின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மொக்கைச்சாமிக்குக் கண் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

"ஏன் மாப்ள நம்மளக் கொட்டுச்சு?" என்று கேட்டார் சடையாண்டி.

வீரணனுக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியமில்லை, ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "கடிச்சது யாரு மச்சான்? நாம. செடி நம்ம பேரச் சொல்லிருச்சு" என்றான்.

பிறகு நால்வரும் கரையேறிப் போய், கடித்த செடிகளிடம் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டார்கள். அன்றிலிருந்து தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அதனாலேயோ என்னவோ, தோட்டம் பிழைத்தது. குளவிகள் புழுக்களைத் தூக்கிப்போயின. நுனி போன இடத்திலெல்லாம் இரண்டு இரண்டாகக் கிளை விட்டு, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு செடி தாங்காமல் காய்த்துத் தொங்கியது.

கல்யாணத்தன்று காலை. பந்தியில் மணக்க மணக்க எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. உடையணன் வாயெல்லாம் பல்லாக ஒரு முழுக்காயைக் காம்போடு பிடித்துத் தூக்கினார். சடையாண்டிக்கு அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி! கடிச்சிராதீங்க! அப்படியே முழுங்கிருங்க!"

சடையாண்டி திணறித் திணறி நடந்ததையெல்லாம் சொன்னார். கடித்தால் செடிக்குத் தெரியும், செடி குளவியிடம் சொல்லும், குளவி ஆளைத் தேடி வரும். சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டார். வாசலில் நின்ற தவமணிக்கு உயிரே போய்விட்டது. தன் கல்யாணம் இதோடு சரி என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

உடையணன் காயை மெதுவாக இலையில் வைத்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா சம்பந்தி? மாப்பிள்ளை நாலு காயக் கடிச்சுட்டானே!"

தவமணி கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, தான் போகப்போகும் வீட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

உடனே எங்கிருந்தோ ஒரு நூல் கொசுவலை வந்தது. மாப்பிள்ளையை அதற்குள் மூடியே மணையில் உட்கார வைத்தார்கள். கெட்டிமேளம் முழங்க, அவர் வலைக்குள் இருந்தபடியே தாலி கட்டினார். மூன்று முடிச்சும் கொசுவலையையும் சேர்த்து விழுந்துவிட்டன. மாப்பிள்ளை உள்ளே, பெண் வெளியே, நடுவில் வலை.

"இதுக்கு ஏன் மலைக்கிறீங்க? வலைய மட்டும் பல்லால கடிச்சு அறுத்துட்டாப் போச்சு" என்று ஒச்சு வாயைத் திறந்துகொண்டு குனிந்தான்.

சடையாண்டி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

"மாப்ள! நூல் எதுல இருந்து வந்துச்சு? பருத்திடா! பருத்தியும் செடிதான்!"

உடையணன் சம்பந்தியின் புத்திசாலித்தனத்தை நினைத்துக் கண் கலங்கி, அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் கொசுவலையோடேயே வேனில் ஏறிப் போனார்கள்.