திரைக்குள் அடித்த மணி

முன்னொரு காலத்தில், ராஜா மணி மட்டும் அடித்து ஆண்ட நாடு ஒன்று இருந்தது. சட்டம் போடுவது மகாசபை. ராஜா சேந்தவர்மர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆணையைப் படித்து முடித்ததும் உள்ளேயிருந்து மணி ஒலித்தால் அது செல்லும். ஒலிக்காவிட்டால் செல்லாது. ஆனால் அவருடைய தாத்தா காலத்திலிருந்து மணி ஒலிக்காமல் இருந்ததே இல்லை.

ஒருநாள், இந்த ராஜா எதற்கு என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள் என்ற செய்தி அரண்மனைக்கு வந்தது. ராஜாவுக்கு முகம் சுண்டிவிட்டது. விகடகவி பூவராகனும் அங்கே நின்று சிரித்தான் என்று தளவாய் உத்தண்டர் போட்டுக் கொடுத்தார். அவருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல்.

"என் வேலையை ஒரு நாள் வேறு யாராவது செய்து காட்டட்டும். இல்லையேல் நீ நாட்டைவிட்டுப் போகலாம்" என்றார் ராஜா, பூவராகனை அழைத்து.

தளவாய் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ராஜாவைத் தவிர எந்த மனிதர் திரைக்குள் போனாலும் தலை போய்விடும் என்பது சட்டம். பூவராகன் தலையை ஆட்டிவிட்டு, நாளை மகாராஜா குடியானவரைப் போலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஜனங்களோடு நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் சபை கூடியது. முதல் ஆணைக்கு மணி ஒலித்தது. இரண்டாவதற்கும் ஒலித்தது. "மகாராஜாவின் சித்தம்" என்று சபை தலைவணங்கியது. கூட்டத்தில் நின்ற ராஜாவுக்குக் காது சுட்டது.

மூன்றாவது ஆணை, யானைக் கொட்டில் கட்டக் குயவர் தெருவை இடிப்பது. அவர் பக்கத்தில் நின்ற குயவர் தெருப் பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போன வருசம் எங்கக்கா தெருவுக்கும் இப்படித்தான் மணி அடிச்சாங்க" என்றாள் ராஜாவிடம், அவர் யாரென்று தெரியாமலே. "அவ இப்ப சத்திரத்து வாசல்ல கெடக்கா."

ராஜாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஒரு கையில் அதிரசம், மறு கையில் மணி. என்ன படித்தார்கள் என்பதுதான் நினைவில்லை. வெட்கத்தில் அவருக்கு உடம்பே கூசியது.

தளவாய் படித்து முடித்தார். மணி ஒலிக்கவில்லை. மறுபடி படித்தார். அப்போதும் ஒலிக்கவில்லை. ஆணை செல்லாது என்றாகிவிட, அந்தப் பெண் அழுதேவிட்டாள். தளவாய் கோபத்தில் திரையை இழுத்தார். உள்ளே, கழுத்தில் மணி கட்டிய கன்றுக்குட்டி ஒன்று, முன்னால் போட்டிருந்த புல்லைத் தலையாட்டித் தின்று தீர்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ராஜத் துரோகம். இவன் தலையை வாங்குங்கள்" என்றார் தளவாய்.

"சட்டம் மனிதருக்குத்தானே, தளவாய் அவர்களே? நானும் உள்ளே போகவில்லை. வெளியே நின்று இதைத் தள்ளித்தான் விட்டேன்" என்றான் பூவராகன்.

ராஜா தலைப்பாகையை அவிழ்த்தார். சபை எழுந்து நின்றது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இது தூங்கி ஒரு தெருவைக் காப்பாற்றிவிட்டது. நான் விழித்திருந்து ஒரு தெருவை அழித்தேன்" என்றார்.

சத்திரத்து வாசலில் கிடப்பவர்களுக்கு யானைக் கொட்டில் பணத்தில் வீடு கட்டச் சொன்னார். தன் மணியைச் சந்தை மைதானத்தில் தொங்கவிடச் சொன்னார். இனி ஆணைகளை அங்கே படிக்க வேண்டும், மணி ஜனங்கள் கையில். முதலில் படிக்க வேண்டியது, நாட்டுக்கு ராஜா வேண்டுமா என்பது.

அன்று மாலையே படித்தார்கள். வேண்டும் என்பவர் மணியடிக்கலாம். மைதானம் நிறைந்த கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. மணிக் கயிற்றுக்கு மிக அருகில் நின்றவர் ராஜாதான். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மணி ஒலிக்கவே இல்லை; ராஜா வேண்டாம் என்றாகிவிட்டது.

அவர் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகனுக்குப் போட்டுவிட்டு, சத்திரம் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண்ணிடம் வழி கேட்டார்.