தென்னைக்குப் போர்த்தின கம்பளி

வா குயிலி, அத்தைகிட்ட ஒட்டிப் படு. காலை இப்படி என் காலுக்கு நடுவுல வை. அய்யோ, ஐஸாட்டம் இருக்கே! மணி ஏழரைதான் ஆவுது, அதுக்குள்ள இப்படி விறைச்சுக் கிடக்குற. உன் கம்பளி எங்கன்னு என்னைக் கேக்காத. அது எங்கன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், முன்னறையில உக்காந்து டிவி பாக்குறானே உங்கப்பன் சேது, அவனுக்கும் தெரியும். பொள்ளாச்சியிலேருந்து தூக்கிட்டு வந்து வாசல்ல நட்டானே தென்னங்கன்னு, அது போர்த்திக்கிட்டு நிக்குது. கொடைக்கானல் குளிர்ல தென்னை வளக்கப் போறாராம் தொரை! பிள்ளை லொக்கு லொக்குனு இருமுது, கன்னு சொகமா இருக்கு. இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல. நான் கதைதான் சொல்லப்போறேன். சத்தமாத்தான் சொல்லுவேன், என் தொண்டை, என் இஷ்டம். நீ ம் போடணும், சரியா?

– ம்.

ஒரு ஊர்ல, இதே மாதிரி மலைமேல, தேங்காயே காய்க்காத ஒரு ஊர்ல, ஒரு பிடிவாதக்காரன் இருந்தான். அவன் பேரு தாணுலிங்கம். பொறந்தது நாகர்கோவில் பக்கம், கடலோரம். அங்க தடுக்கி விழுந்தா தென்னைமரம். மலைமேல நிலம் மலிவா கிடைக்குதுன்னு பொண்டாட்டி, மகளோட ஏறி வந்தவன். வந்த கொஞ்ச வருசத்துல பொண்டாட்டி காய்ச்சல்ல போயிட்டா. மக மட்டும் இருந்தா. பகவதினு பேரு. நல்ல பொண்ணு. என்னை மாதிரி வாயாடி இல்ல, அதான் அவளுக்குக் கேடு.

அப்புறம், பகவதிக்கு இருபது வயசாச்சு. மூணு வளைவு தள்ளி குழந்தைவேலுனு ஒரு பையன். பூண்டு போடுவான், பேரிக்காய்த் தோட்டம் வச்சிருந்தான். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். வர்ற ஆவணியில கல்யாணம்னு பேசி, வெத்தலை பாக்கு மாத்துறாங்க. ஊரே உக்காந்திருக்கு. அப்போ, நாகர்கோவில்லேருந்து வந்த சித்தப்பன் ஒருத்தன், தாம்பாளத்துல இருந்த தேங்காயைத் தட்டிப் பாத்தான். டொக் டொக்.

"என்னடே தாணு, இது சந்தைத் தேங்காயா? தேங்காக்கும் வழியில்லாத ஊருலயா பொண்ணைக் கெட்டிக் குடுக்க?"னு கேட்டான்.

சும்மா கேலிக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போவியா! தாணுலிங்கத்துக்கு மூஞ்சி செவந்து போச்சு. எந்திரிச்சு நின்னு, சபை நடுவுல சொல்றான்:

"எம் மவ கல்யாணத்துக்கு வாறவங்க தாம்பூலப் பையில, இந்த மலையில எங்கையால வச்ச தென்னையில காச்ச தேங்காதான் கிடக்கும். அதுவரைக்கும் கல்யாணம் கிடையாது!"

சொன்னது அவன். வாழப்போறது யாரு? அந்தப் பொண்ணு. அவளை ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கல. சந்தையில ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தேங்கா வருது குயிலி! கீழேருந்து குதிரை மேல மூட்டை மூட்டையா வருது. காசைக் குடுத்தா கையில தர்றான். அதை விட்டுட்டு இந்த ஆளு மரம் வச்சு, அது வளந்து, பூத்து, காய்ச்சு... எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது. ம் சொல்லு.

– ம்.

அப்புறம், ஊர்லேருந்து அஞ்சு கன்னு கொண்டாந்தான். அவங்க ஊர்ல எப்படி வைப்பாங்களோ அப்படியே வச்சான். மூணடிக் குழி. அடியில தேங்கா மட்டையைக் குப்புற அடுக்கி, ஆத்து மணலைக் கொட்டி, குழிக்கு ரெண்டு படி உப்பு. கடலுப்பு இருந்தா போதும், தென்னை கடல்னு நெனச்சுக்குமாம்! சித்திரை வெயில்ல புது ஓலை விட்டுச்சு. "பாத்தியா, பாத்தியா!"னு ஊரெல்லாம் கூட்டிக் காட்டினான். ஆவணி வந்துச்சு. குழந்தைவேலு வந்து கேட்டான், "மாமா, இந்த ஆவணியா?" "தேங்கா வரட்டும்"னான்.

அப்போ மார்கழி வந்துச்சு. உறைபனி விழுந்துச்சு. விடிஞ்சு பாத்தா புல்லெல்லாம் வெள்ளை. மிதிச்சா மொறுக் மொறுக். வெயில் ஏற ஏற அஞ்சு கன்னும் ஓலை கருகி, டீத்தூள் நெறமாயிடுச்சு. பகவதி சொன்னா, "அப்பா, இந்தக் குளிருக்கு இது வராதுப்பா. சந்தையில வாங்கிக்கலாம்." "வாயை மூடு"னான். அவ்வளவுதான். வளந்த பொண்ணைப் பாத்து, வாயை மூடு.

ஏ குயிலி, இருமல் வருதா? எந்திரிச்சு உக்காரு. மெதுவா. இந்தா, வெந்நி குடி. சேது, டிவி சத்தத்தைக் குறைடா, கதை கேக்கலையாம் பிள்ளைக்கு! ம், குறைச்சுட்டான். காது இருக்கு அப்போ.

அப்புறம் ரெண்டாவது வருசம். இந்தத் தடவை மூணே மூணு கன்னு. பனி வந்தா போர்த்திவிடணும்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். மொதல்ல சாக்கைச் சுத்தினான். பத்தல. வீட்ல இருந்த கம்பளியையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான். பகவதி கம்பளியையும்தான்! அவ ராத்திரியெல்லாம் குளிர்ல கிடுகிடுன்னு நடுங்குறா. வாசல்ல ரெண்டு கன்னு கம்பளி போர்த்தி நிக்குது. மூணாவது கன்னுக்கு இல்ல. என்ன பண்ணான் தெரியுமா? டிரங்குப் பெட்டியைத் திறந்தான். படார். அதுக்குள்ள பகவதி அம்மாவோட கல்யாணப் பட்டு இருந்துச்சு. பச்சை உடம்பு, அரக்குக் கரை. பகவதி தன் கல்யாணத்தன்னைக்குக் கட்டிக்கணும்னு வருசா வருசம் வெயில்ல காயவச்சு மடிச்சு வச்சிருந்தா.

"அப்பா, அது அம்மாவோடது"ன்னா.

"அம்மா இருந்தா அவளே எடுத்துக் குடுத்திருப்பா"ன்னான்.

கேட்டுக்கோ! செத்துப்போனவ வந்து இல்லைன்னா சொல்லப் போறா? அந்தத் தைரியம். பட்டைச் சுத்திட்டான். காலையில பாத்தா, கம்பளியெல்லாம் பலகை கணக்கா விறைச்சு நிக்குது. பட்டு ஓலையோட சேந்து பனியில ஒட்டிக்கிச்சு. அவன் வெடுக்குனு இழுத்தான். டர்ர்ர்னு கிழிஞ்சுது. கரையிலேருந்து நடு வரைக்கும். அப்புறம் கன்னு பொழைச்சுதான்னு பாக்க, குருத்தைப் பிடிச்சு இழுத்தான். பொளக்குனு கையோட வந்துடுச்சு. அடியெல்லாம் அழுகி நாத்தம். மூணும் அப்படித்தான். பகவதி அழல. கிழிஞ்ச பட்டைத் தொவைச்சுக் காயவச்சு, மடிச்சுப் பெட்டியில வச்சா. எனக்கு அழுகையை விட அதுதான் தாங்கல.

ஆவணியில குழந்தைவேலு வந்தான். "மாமா, இந்த ஆவணியா?" "தேங்கா வரட்டும்." அவன் அம்மாவுக்குக் கோவம். "நீ அந்த வீட்டு வாசப்படி ஏறாத, வேற பொண்ணு பாக்குறேன்"னு சொல்லிட்டாங்க. அவன் பாக்க விடல. அந்த மட்டுக்கும் அவன் ஆம்பளை.

தூங்கிட்டியா?

– இல்ல. மூணாவது சொல்லு.

மூணாவதுதான் பெரிய கூத்து. வெளிய வச்சாத்தானே பனினு, ஒரே ஒரு கன்னை ஒரு பெரிய இரும்புத் தொட்டியில வச்சு, வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டான்! உருட்டிக்கிட்டு வர்றான், கடகட கடகட. வீட்ல கணப்பு இருக்கிற அறை ஒண்ணே ஒண்ணு. அதுல யாரு படுப்பா? பகவதி. "நீ அந்தப் பக்கம் போ"ன்னுட்டான். எந்தப் பக்கம்? உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கின அறைக்கு. பொண்ணு கிழங்கோட படுக்குது, தென்னை கணப்போட படுக்குது. நெருப்பு அணையாம விறகு போட யாரு எந்திரிக்கணும்? அதுவும் அவதான்.

ஒரு வருசம் ஆச்சு. கன்னு இடுப்பு உயரம். ரெண்டு வருசம். ஆள் உயரம். மூணு, நாலு. ஓலை நாலு சுவத்தையும் தொடுது. காத்தடிச்சா வீட்டுக்குள்ள சலசல சலசல. காயா? காயுமில்ல, பூவுமில்ல. பகவதிக்கு இருபத்தாறு ஆச்சு. கூடப் படிச்சதுங்க பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அவ வாசலைத் தாண்டிப் போகுதுங்க. ஒவ்வொரு ஆவணியும் குழந்தைவேலு வருவான், வாசல்லயே நிப்பான். உள்ளேருந்து அந்தக் குரல் வரும்: "தேங்கா வரட்டும்."

அப்போ ஒரு கார்த்திகை மாசம், பகல்ல, குருத்து போய் கூரையில இடிச்சுது. டொக். தாணுலிங்கம் அண்ணாந்து பாத்தான். ஏணியைக் கொண்டாந்து சாத்தினான். சுத்தியலை எடுத்தான்.

பகவதி ஏணியைப் பிடிச்சுக்கிட்டா. "என்னப்பா பண்றீங்க?"

"தகரத்தைப் பிரிக்கேன். மரம் மேல போவட்டும்."

"கூரையைப் பிரிச்சா பனி உள்ள வரும்."

"மரம் வளந்தாச்சு. இனி தாங்கும்."

"நான்?"

அவனுக்குப் புரியல. "நீ என்ன?"ன்னான்.

"கம்பளியை எடுத்தீங்க, குடுத்தேன். அம்மா பட்டை எடுத்தீங்க, விட்டேன். என் அறையை எடுத்தீங்க, போனேன். இந்தக் கூரை ஒண்ணுதான் பாக்கி. இதுல கையை வச்சா நான் இந்த வீட்ல இல்லப்பா."

ஆறு வருசத்துல அவ பேசின பெரிய பேச்சு அது. அவன் என்ன பண்ணான்? அவளைப் பாத்தான். மரத்தைப் பாத்தான். சுத்தியலை ஓங்கி அடிச்சான். டமார்!

தகரம் கீழ விழுந்து சத்தம் அடங்குறதுக்குள்ள பகவதி கெளம்பிட்டா. கிழிஞ்ச பட்டை மட்டும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மூணு வளைவும் நடந்தே போனா. குழந்தைவேலு வீட்டுக் கதவைத் தட்டினா. அவன் அம்மாதான் திறந்தாங்க. ஆறு வருசக் கோவமும் அப்படியே மூஞ்சியில இருக்கு. பகவதி கல்யாணத்தைப் பத்தியே பேசல.

"அத்தை, எனக்கு இங்க ஒரு கம்பளி இருக்குமா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். அந்தம்மா தான் போர்த்தியிருந்த கம்பளியை அப்படியே உருவி அவ மேல போட்டு உள்ள இழுத்துக்கிட்டாங்க.

– மரம்?

மரம்! அந்த மார்கழியில ஓட்டை வழியா பனி தாராளமா உள்ள வந்துச்சு. கணப்புச் சூடெல்லாம் அதே ஓட்டை வழியா வெளிய போச்சு. விறகு போட யாரு இருக்கா? அவனே போட்டான், போட்டான், வீட்ல இருந்த ஏணியையும் ஒடிச்சுப் போட்டான். விடிஞ்சப்போ குடத்துத் தண்ணி கட்டியாயிடுச்சு. மரம் உச்சியிலேருந்து வெள்ளை. தை மாசத்துல ஓலை ஒவ்வொண்ணா தொங்கி, பொத்து பொத்துனு வீட்டுக்குள்ள விழுந்துச்சு.

அப்புறம் ஆவணி வந்துச்சு. ஏழாவது ஆவணி. பகவதிக்குக் கல்யாணம்! பட்டைக் கிழிசல் உள்பக்கம் போற மாதிரி கட்டிக்கிட்டா, யாருக்கும் தெரியல. பூசைக்குத் தேங்கா எங்க வாங்கினாங்க? சொல்லு.

– சந்தையில!

சந்தையில! ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்தாங்க. அந்த மாசம் பேரிக்கா காய்ச்சுக் கொட்டுது. அதனால தாம்பூலப் பையில வெத்தலை, பாக்கு, ஒரு பேரிக்கா. வந்தவங்களுக்கெல்லாம் பகவதியே வாசல்ல நின்னு குடுத்தா. "சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டுப் போங்க"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னா.

கடைசியில ஒருத்தன் வந்தான். தாடி, அழுக்கு வேட்டி. வெறுங்கை. தாணுலிங்கம்தான். எதுக்க வந்து நிக்கிறான். பகவதி அவனை நிமிந்து பாத்தா. ஒரு பையை எடுத்தா. எல்லாருக்கும் குடுத்த மாதிரி அவன் கையிலயும் குடுத்தா.

"சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா.

– அப்பான்னு கூப்பிடலையா?

கூப்பிடல. திட்டவும் இல்ல. வெளியாள் ஒருத்தரைக் கேக்குற மாதிரி கேட்டா. அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு அவகிட்ட. அவன் பையைத் திறந்து பேரிக்காயைப் பாத்துக்கிட்டு நின்னான். பந்தலைப் பிரிக்கிற வரைக்கும் நின்னான்னு சொல்லுவாங்க. பாவம்னு சொல்லாத குயிலி. நான் சொல்லமாட்டேன்.

என்ன சத்தம் அது? வாசக் கதவு திறக்குது. டிவி நின்னுபோச்சு. ஓகோ... கன்னுகிட்ட யாரோ போறாங்க. அவுக்குறாங்க போல.

வா சேது, வா. கொண்டா இங்க. ஏண்டா, தொட்டுப் பாத்தியா? சொட்டச் சொட்ட ஈரம். மூணு நாள் பனியைக் குடிச்ச கம்பளி. இதையா பிள்ளை மேல போடப் போற? திருதிருன்னு முழிக்காத. நீ ஒண்ணு போர்த்தியிருக்கியே, அது என்ன? ம், அதான். கழட்டு. கால்ல போடு மொதல்ல. கழுத்தைச் சுத்தி நல்லா இறுக்கிவிடு. நீ குளிர்ல நில்லு, ஒண்ணும் கருகிப் போயிடமாட்ட. கன்னை நாளைக்குப் பொள்ளாச்சி பஸ்ல ஏத்திவிடு, அதோட ஊருக்கே போய்ப் பொழைக்கட்டும்.

என்ன குயிலி, முணுமுணுக்குற? கண்ணு மூடியிருக்கு, வாய் அசையுது.

– அப்பா...

கேட்டியாடா? இன்னும் கூப்பிடுறா. லைட்டை அணைச்சுட்டு அவ பக்கத்துல உக்காரு. தென்னை பட்டுப்போச்சு, கதை விட்டுப்போச்சு, நீ சூடா தூங்கு கண்ணு.