ஒரு சிட்டிகைத் தூள்

“மேடம், பலம் வந்துடுச்சு. ஆனா ஒட்ட மாட்டேங்குது.”

தணிகைவேல் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை மேசையில் வைத்தார். ஆராய்ச்சி மாணவர்தான், ஆனால் பேராசிரியை ஜெசிந்தாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் மனுஷர் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

வெட்டினால் தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் அது. சேர்த்து வைத்து லேசாகச் சூடு காட்டினால், வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து காயம் ஆறுகிற மாதிரி ஆறிவிடும். என்ன, பலம்தான் போதாது. அதற்காக நானோ களிமண் தூளைக் கலந்தார். பலம் வந்தது. ஆசை விடுமா? ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூட்டினார். இப்போது வெட்டினால் வெட்டியதுதான்.

ஜெசிந்தா துண்டுகளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார். வீட்டில் என்ன விஷயம் என்று கேட்டார்.

பாவம், கொட்டித் தீர்த்துவிட்டார். மனைவி சுகந்தியோடு சண்டையாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாளாம். சமாதானம் பேச அண்ணன் வந்தார், அண்ணி வந்தார், பெரியப்பா வந்தார், சுகந்தியின் சித்தி வந்தார், மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அத்தனை பேரையும் போன் போட்டு வரவழைத்தது இவரேதான்.

“நீங்க ரெண்டு பேரும் பேசினீங்களா?”

“எங்க மேடம்? நடுவுல அத்தனை பேரு உட்கார்ந்திருக்காங்க. அவ பக்கத்துல போகவே இடமில்ல.”

அடுத்த கலவைக்குத் தணிகைவேல் நிறுத்து வைத்திருந்த தூளை ஜெசிந்தா எடுத்து டப்பாவிலேயே திரும்பக் கொட்டினார். தட்டில் ஒரு சிட்டிகை மட்டும் மிச்சம் வைத்தார்.

தணிகைவேல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே வேன் பிடித்து எல்லாரையும் ஊருக்கு அனுப்பினார். பெரியப்பா கோபித்துக்கொண்டார், இருக்கட்டும். சித்தியை மட்டும் இருக்கச் சொன்னார். அந்த அம்மாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே இருந்துகொண்டார்.

இங்கே ஆய்வகத்தில் அந்தச் சிட்டிகையை ஜெசிந்தாவே கலந்து, வார்த்து, வெட்டி, சேர்த்து ஓவனில் வைத்தார்.

திங்கட்கிழமை தணிகைவேல் உள்ளே நுழைந்ததும் ஜெசிந்தா துண்டை நீட்டினார். வெட்டின இடமே தெரியவில்லை. இழுத்துப் பாருங்கள் என்றார்.

தணிகைவேல் அதை வாங்கவில்லை. அவர் கை இரண்டிலும் டிபன் பாக்ஸ் இருந்தது.

“முதல்ல சாப்பிடுங்க மேடம். சுகந்தி உங்களுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கா.”